உங்களுக்குத் தெரியுமா? தடுப்புச்சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் தண்ணீர்!

மலைச்சரிவில் கட்டிய தடுப்புச்சுவர் மழைக்காலத்தில் சரிந்தால் ‘மண் தள்ளிவிட்டது’ என்கிறோம். உண்மையில் பெரும் பங்கு, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீருடையது. 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் காய்ந்த மணற்பாங்கான மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அது சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை நீர் நிறைந்தால் விசை ஏறக்குறைய 6 டன்! அதில் 4.5 டன் தண்ணீரின் அழுத்தம்.

ஊட்டி, குன்னூர் சாலையோரச் சுவர்களில் வரிசையாகக் குழாய்த் துளைகள் தெரிவது இதற்காகத்தான். சுவருக்குப் பின்னால் கொட்டிய ஜல்லி வழியே இறங்கும் நீர் அவற்றில் வெளியேறும். வீடுகளில் பூச்சு வேலை நடக்கும்போது, கறை படிகிறதே என்று இந்தத் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடைக்க விடாதீர்கள். தெளிந்த நீர் வடிந்தால் சுவர் நலம். சேறாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. உடனே பொறியாளரை அழையுங்கள்.

கம்பிவலைக் கூண்டில் கல் அடுக்கும் கேபியன் சுவருக்குத் துளையே வேண்டாம், கல்லிடுக்கெல்லாம் வடிகால்தான்.

மேல்மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேர் அருமையான துணை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நெருக்கமாக நட்டால் வேர்கள் செங்குத்தாக 3 மீட்டர் வரைகூட இறங்கும். ஆனால் அதற்கும் ஆழத்தில் நழுவும் சரிவை வெட்டிவேர் நிறுத்தாது. அங்கே துளையிட்டு எஃகுக் கம்பி செருகி, சிமென்ட் கலவை நிரப்பும் ‘மண் ஆணி’ போன்ற முறைகள் தேவை.