தொட்டால் ஒட்டும் மை! துணிக் குவியலில் தீ!

சேலம்—

படம் அச்சாகி மூன்று நாள் ஆயிற்று. விரலை வைத்தால் இன்னமும் கறுப்பாக ஒட்டுகிறது! ஐப்பசி அடைமழையில் சூரமங்கலத்தில் யார் லினோ தகட்டில் படம் செதுக்கிக் கையால் அச்செடுத்தாலும் இந்தத் தலைவலி உண்டு. "மட்டமான மையைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். குற்றவாளி அவர் அல்ல.

காற்றைக் குடிக்கும் எண்ணெய்

இந்தப் பழைய ரக மையில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். துவைத்த வேட்டி மாதிரி இது காய்வதில்லை. வேட்டியில் உள்ள தண்ணீர் ஆவியாகப் போய்விடும். எண்ணெய் எங்கேயும் போகாது. காற்றில் உள்ள பிராணவாயுவைக் குடித்துத் தானே தோல் போல இறுகும். குளிரும் ஈரக்காற்றும் இருந்தால் இழுத்தடிக்கும். வறண்ட சிவகாசியில் அச்சுத் தொழில் காலூன்றியதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம்.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு நிறத்துக்கு ஒரு கல் வைத்து அச்சிட்டார்கள். ஒரு நிறம் இறுகுமுன் அடுத்த கல்லில் தாளை வைத்தால் அம்மனின் புடவை முகத்தில் ஏறிவிடும்!

என்ன வழி?

மையை மெல்லிசாக உருட்ட வேண்டும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். தாள்களை அடுக்கக் கூடாது. அடுக்கினால் கீழ்ப்படம் மேல்தாளின் முதுகில் பதிந்துவிடும். கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட வேண்டும். அவசரக்காரர்கள் மையில் சில சொட்டு கோபால்ட் டிரையர் கலப்பார்கள். அது நச்சு, கையில் படக்கூடாது. கூடிப்போனால் அடுத்த நிறம் ஒட்டவும் ஒட்டாது.

தானாக எரியும் துணி!

படம் காயாவிட்டால் நாள்தான் போகும். துடைத்த துணியால் வீடே போகும்!

எண்ணெய் பிராணவாயுவைக் குடிக்கும்போது சூடு பிறக்கிறது. கொடியில் தொங்கும் தாளில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஜங்ஷனில் ரயில் பிடிக்கும் அவசரத்தில், எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டை உருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போனால்? சூடு வெளியேற வழியில்லை. உள்ளுக்குள் ஏறி ஏறி, தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும்.

கட்டுக்கதை அல்ல. 1991 பிப்ரவரி 23 அன்று இரவு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. 22-வது மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் பலி!

மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணியை முக்கி மூடிவைக்க வேண்டும். டப்பா இல்லையா? வெளியே கல் தரையில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், தனித்தனியாக விரித்துப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போகலாம்.