காற்றுக்கும் ஒரு பூட்டு!

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டு திருடனைத் தடுக்கும். காற்றைத் தடுக்கும் பூட்டு உண்டா?

உண்டு! அலுமினியக் குளிர்பான டப்பாவின் மூடியைப் பாருங்கள்.

ஈயம் ஒட்டாது

நம் நாட்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் தொடங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன். பித்தளைக் குடம் ஒழுகினால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். அலுமினியத்தில் ஈயம் எளிதில் ஒட்டாது. ஏன்?

காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும்! அதற்குள் மெல்லிய தகடு ஓட்டையாகிவிடும். ஆகவே, படலத்தைக் கரைக்கும் மருந்துப் பொடி போட்டே தொழிலாளி பற்றவைப்பார்.

நெருப்பே வேண்டாம்

டப்பா மூடிக்கு நெருப்பே தேவையில்லை. டப்பாவின் விளிம்பும் மூடியின் விளிம்பும் இரண்டு கொக்கிகள்போல் ஒன்றையொன்று பற்றும்படி மடிக்கப்படுகின்றன. இயந்திர உருளைகள் அவற்றை இறுக அழுத்துகின்றன. ஐந்து அடுக்குத் தகடு ஒரே மடிப்பாகிறது. நடுவிலுள்ள ரப்பர் போன்ற பசை நுண்ணிய இடுக்கையும் அடைத்துவிடுகிறது.

தாய்மார்களே, கவனியுங்கள்!

மடிப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கிருமி நுழையும், உணவு கெடும். உணவு டப்பா உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, மடிப்பு நசுங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். ருசி பார்க்கவும் வேண்டாம். விலையைவிட உயிர் பெரிது!