சில்ட்டனின் இரண்டு செயற்கைக்கோள்கள்

விண்வெளிக்குப் போய்வந்த அமெரிக்க ராணுவ விமானிகள் ஏராளம். அவர்களில் நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்ந்த முதல் ஆள் கெவின் சில்ட்டன். ஆனால் அவர் தோளில் ஏறிய நட்சத்திரங்களைவிட, அவர் வழியில் குறுக்கிட்ட இரண்டு செயற்கைக்கோள்கள்தான் எனக்குச் சுவாரசியம்.

1976இல் விமானப்படை அகாடமியில் படிப்பு முடிந்தது. முதலில் உளவுப் படம் எடுக்கும் விமானம், அப்புறம் எஃப்-15 போர்விமானம், அதன்பின் சோதனை விமானி. 1987இல் நாசா சேர்த்துக்கொண்டது.

1992 மே மாதம் எண்டெவர் விண்ணோடத்தின் முதல் பயணம். சில்ட்டனுக்கும் அதுதான் முதல். கமாண்டர் டேனியல் பிராண்டன்ஸ்டைன், விமானி இவர். ராக்கெட் கோளாறால் இரண்டு வருடமாகத் தாழ்வான பாதையிலேயே சிக்கிக் கிடந்த இன்டெல்சாட் செயற்கைக்கோளைப் பிடித்து, புது மோட்டார் பொருத்தி, மேலே அனுப்பவேண்டும். அதற்கென்றே செய்து எடுத்துப்போன பிடிகம்பி இரண்டு நாள் முயன்றும் கைகொடுக்கவில்லை. பட்டதுமே அந்த நாலு டன் உருளை தள்ளாடி விலகியது. கடைசியில் மூன்று பேர் வெளியே போய் வெறும் கையுறைக் கையால் பிடித்து நிறுத்தினார்கள். எட்டரை மணி நேரம்! மூன்று பேர் ஒன்றாக விண்நடை போனது அதுவரை நடந்ததில்லை. அத்தனை நேரமும் உள்ளே இருந்து விண்ணோடத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் எந்தப் புகழ்பெற்ற படத்திலும் இல்லை.

1996இல் அட்லாண்டிஸின் கமாண்டராக ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போய், விண்வெளி வீராங்கனை ஷானன் லூசிடை அங்கே விட்டுவந்தார். பிறகு விமானப்படைக்கே திரும்பிவிட்டார்.

2007இல் அமெரிக்க ராணுவத்தின் வியூகக் கட்டளையகமான ஸ்ட்ராட்காமின் தளபதி. அணு ஆயுதமும் ராணுவத்தின் விண்வெளி வேலையும் அவர் பொறுப்பு. சில மாதத்திலேயே இரண்டாவது செயற்கைக்கோள் வந்தது. ஏவிய கையோடு ஊமையாகிப்போன உளவுக்கோள் அது. தொட்டியில் சுமார் 450 கிலோ ஹைட்ரஸின் என்ற நச்சு எரிபொருளோடு பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் பசிபிக் கடலில் நின்ற லேக் ஈரி போர்க்கப்பலின் ஏவுகணை, சுமார் 247 கி.மீ. உயரத்தில் அதை உடைத்தது. சுடும் முடிவு அதிபர் புஷ்ஷுடையது, நடத்தியது ஸ்ட்ராட்காம்.

நச்சுக்குப் பயந்துதான் சுட்டார்களா? ஓராண்டுக்கு முன் சீனா தன் செயற்கைக்கோளைச் சுட்டதற்குப் பதில் என்றார்கள் பலர். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் உயரத்தைப் பாருங்கள். சீனா உடைத்தது 850 கி.மீ.க்கும் மேலே, அந்தச் சில்லுகள் பல இன்னும் சுற்றுகின்றன. இதுவோ தாழ்வாக இருந்ததால் பெரும்பாலான துண்டுகள் சில வாரங்களிலேயே விழுந்து எரிந்துபோயின.

மறு வருடமே, யாரும் சுடாமலே, ஓர் இரிடியம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும் சைபீரியாவுக்கு மேலே மோதிக்கொண்டன. இயங்குகிற எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் மோதல் கணக்குப் போடும் வேலையை ஸ்ட்ராட்காம் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.