காற்றுக்குக் கட்டணம் இல்லை

எங்கள் பள்ளியின் மேல்மாடியில் நின்றால் கடல் தெரியும். மாலை வேளையில் தொலைவில் ஒரு வெண்பாய் தென்பட்டுவிட்டால் எங்களுக்குள் பேச்சு எழும். "நாமும் ஒருநாள் போவோமா?" என்பாள் ஒருத்தி. "அது பணக்காரர் விளையாட்டு. அதுவுமன்றி, பெண்பிள்ளைகளுக்குக் கடலில் என்ன வேலை?" என்று மற்றொருத்தி அவள் வாயை அடைத்துவிடுவாள். இந்த இரண்டு தடைகளும் மெய்தானா என்று தேடிப் படித்தோம். படித்தறிந்ததை அன்புத் தோழியர் முன் வைக்கிறோம்.

எளியோருக்கென்று பிறந்த படகுகள்

1947-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்னும் கடற்கரை நகரம். அங்குள்ள சிறுவர்கள் தாங்களே செய்த சக்கர வண்டிகளில் சரிவில் இறங்கிப் பந்தயம் விடுவார்கள். அதைக் கண்ட கிளிஃபோர்டு மெக்கே என்பவருக்கு, இதைப்போலவே பிள்ளைகளுக்கு மலிவான பாய்ப்படகு ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. படகு கட்டும் கிளார்க் மில்ஸ் என்பவரிடம் சொன்னார். 50 டாலருக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. ஒட்டுப்பலகையைக் கொண்டு, முன்புறம் தட்டையாய், தொட்டிபோன்ற படகொன்றைச் செய்தார் மில்ஸ். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், ஒரே பாய். அதுதான் "ஆப்டிமிஸ்ட்". அழகில்லை என்று சிரித்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் இன்று உலகெங்கும் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் பாய் விடப் பழகுவது பெரும்பாலும் அதில்தான்.

இங்கிலாந்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளத் தொலைக்காட்சியில் கற்பித்த பாரி பக்னல், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் ஆகிய இருவரும் சேர்ந்து ஒரு படகை உருவாக்கினர். "டெய்லி மிரர்" நாளிதழ் ஆதரவளித்ததால் அதற்கு "மிரர்" என்றே பெயர். 1963-இல் விற்பனைக்கு வந்தபோது, உறுப்புகள் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுன் 11 ஷில்லிங். துளையிட்ட பலகைகளைச் செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் கொண்டு ஒட்டிவிட வேண்டும். தச்சுவேலை தெரியாத குடும்பங்களும் வீட்டிலேயே கட்டின. சிவப்புப் பாயுடன் 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் தோன்றின. பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணத்தை அவை உடைத்தன.

எதை மலிவாக வாங்கலாம்?

பழைய படகும் பழைய பாயும் வாங்குவது குறைவல்ல. சோதித்து வாங்க வேண்டும். மரப்படகானால் பலகையைத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். பாயை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓட்டைகளும் மெலிந்த இடங்களும் தெரியும். தையலை நகத்தால் கீறும்போது நூல் அறுந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று பொருள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அதை மாற்றியே ஆகவேண்டும்.

ஆனால் உயிர்காப்பு அங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது. அவரவர் எடைக்கேற்ற புதிய அங்கியை வாங்கி, கரையிலேயே கட்டிக்கொண்டு ஏறவேண்டும். நன்கு நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு நீச்சல் உதவாது அல்லவா?

காற்றை எதிர்த்து எப்படிப் போவது?

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும் என்பது எளிதில் விளங்கும். எதிர்க்காற்றிலும் முன்னேறுவதே வியப்பு. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னே தாவுகிறதல்லவா? வளைந்த பாயின்மேல் பாயும் காற்று ஒரு விரல். படகின் நடுவே நீருக்குள் இறங்கி, பக்கவாட்டில் நகரவிடாமல் தடுக்கும் பலகை மற்றொரு விரல். இரண்டுக்கும் இடையே நெருக்குண்ட படகு முன்னோக்கிப் பாய்கிறது. எனினும் காற்று வரும் திசைக்கு நேராகச் செல்ல இயலாது. சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறி, மலைப்பாதைபோல் வளைந்து வளைந்தே செல்லவேண்டும்.

சிறு படகு கவிழ்வது இயல்பு. ஆகவே பயிற்சியில் தொடக்கத்திலேயே வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குவார்கள். கவிழ்ந்த படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, உடல் எடையால் அதை நிமிர்த்த வேண்டும். விழுவதையும் எழுவதையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் பள்ளி இது!

இளஞ்சூட்டுக் கடலில்

சிறு படகில் தேர்ந்தவர்கள் அடுத்துக் கனவு காண்பது வெப்பமண்டலக் கடலில் உலா. அதற்குப் பெயர்பெற்றவை கரீபியன் கடலிலுள்ள வர்ஜின் தீவுகள். 1493-இல் அவற்றைக் கண்ட கொலம்பஸ், புனித ஊர்சுலாவையும் அவருடன் மறைசாட்சியரானதாகச் சொல்லப்படும் 11,000 கன்னியரையும் நினைத்து இப்பெயரிட்டார். தீவுகள் ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இடையிலுள்ள கடல் பெரும்பாலும் அமைதியானது. குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று நாள் தவறாமல் வரும். சொந்தப் படகு தேவையில்லை. அனுபவம் உள்ளவர்கள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து படகை வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவற்றுள் பல, இரட்டை உடல் கொண்ட "கட்டமரான்" படகுகள். வடிவம் வேறானாலும் அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து சென்றதே என்பதில் நமக்குப் பெருமை.

அங்கே கடலின் நிறமே வழிகாட்டி. கருநீலம் ஆழம்; இளம்பச்சை மணற்பரப்பு; வெண்மை மிகக் குறைந்த ஆழம்; பழுப்பு நிறமானால் பவளப்பாறை! சூரியன் உயரத்தில், நம் முதுகுப்புறம் இருக்கும்போதுதான் இந்நிறங்கள் தெளிவாகத் தெரியும். எனவே பொழுது சாயுமுன் நங்கூரமிட்டுவிட வேண்டும். நங்கூரத்தைப் பவளத்தின்மேல் போடாமல் மணலிலேயே போடவேண்டும். நீரின் ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு சங்கிலி விட்டால்தான் பிடிக்கும்.

அந்த அழகுக்கு மறுபக்கமும் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பர் 6-ஆம் நாள் "இர்மா" புயல் இத்தீவுகளைச் சிதைத்தது. பாதுகாப்பானதென்று நம்பி நிறுத்தப்பட்ட குடாவிலேயே படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்தன. பருவம் அறிந்து புறப்படுவதே மாலுமியின் முதல் அறிவு.

பெண்களுக்கு என்ன வேலை?

இனி இரண்டாம் தடை. போலந்து நாட்டுப் பெண் கிறிஸ்டினா ஹோய்னோவ்ஸ்கா லிஸ்கியேவிச் 1976-இல் புறப்பட்டு, 1978-இல் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். அவ்வாறு செய்த முதல் பெண் அவரே. 1985-இல் டானியா ஏபி என்னும் 18 வயதுப் பெண், 26 அடிப் படகில் நியூயார்க்கிலிருந்து தனியே கிளம்பினார். கல்லூரிப் படிப்பா, உலகைச் சுற்ற ஒரு படகா என்று தந்தை கேட்க, படகைத் தேர்ந்தவர் அவர். விண்மீன்களைக்கொண்டு வழியறியும் கலையைப் போகும் வழியிலேயே கற்று, 1987 நவம்பரில் ஊர் திரும்பினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 12-ஆம் வயதில் ஒரு கோடைக்கால முகாமில்தான் முதன்முதலாகப் பாய்ப்படகில் ஏறினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2024-இல் பாரிசுக்கும் சென்றார்.

இவற்றைப் படித்தபின் எங்கள் மேல்மாடிப் பேச்சு மாறிவிட்டது. பணம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கூட்டாகச் சேர்ந்தால் குறைந்த பணம் போதும். அச்சம் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்த அச்சம் அங்கியைக் கட்டவும் வானத்தைப் பார்க்கவும் கற்றுத்தர வேண்டும், கரையிலேயே கட்டிப்போடக் கூடாது. அலை ஓய்ந்தபின் தலைமுழுகலாம் என்று காத்திருப்பவர் முழுகுவதேயில்லை. தோழியரே, வருகிற கோடை விடுமுறையில் முதலில் நீச்சல் கற்போம். பின்னர் வீட்டாரின் அனுமதியுடன், பயிற்சி தருவோரை நாடுவோம். கடல் அங்கேயேதான் இருக்கிறது. காற்றுக்குக் கட்டணமும் இல்லை.

– மேனிலை முதலாண்டு மாணவியர்