வண்டிக் கதவு பளபளக்க

வேன் ஓட்டிப் பிழைப்பவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். மும்பையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்கள். டெல்லியில் காய்கறி மூட்டை ஏற்றுகிறார்கள். மாருதி வேன் இவர்களில் பல பேருக்குச் சோறு போட்ட வண்டி. அது 1984-ல் வந்தது. பிறகு ஆம்னி என்று பெயர் மாறியது. 2019-ல் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய வேன்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சந்தில் திருப்பும்போது சுவர் உரசும். கதவில் கீறல் விழும். மழைத் தண்ணீர் கீறலில் இறங்கும். துரு பிடிக்கும். துருவை விட்டுவைத்தால் தகட்டில் ஓட்டை விழும். பட்டறையில் கொடுத்தால் கூலி அதிகம். அதனால் சிலர் வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள். அடித்து முடித்ததும் முகம் வாடிப் போகிறது. "சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறதே! பளபளப்பு எங்கே?" என்று கேட்கிறார்கள்.

பளபளப்பு பெயிண்ட் டப்பாவுக்குள் மட்டும் இல்லை. அது எங்கே இருக்கிறது?

கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் முகம் தெரியும். ஒரு கல்லைப் போடுங்கள். அலை எழும். முகம் கலைந்துவிடும். தண்ணீர் அதேதான். மேற்பரப்புதான் மாறிவிட்டது. கதவும் அப்படித்தான். மேற்பரப்பு சமமாக இருந்தால் வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பும். கதவு கண்ணாடி போல் இருக்கும். சின்னச் சின்ன மேடு பள்ளம் இருந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். கதவு மங்கலாகத் தெரியும். எனவே பளபளப்பு வேலை என்பது பாதிக்கு மேல் தேய்க்கிற வேலைதான்.

முதலில் ஒரு சோதனை

கதவில் முன்பே அடித்த பெயிண்ட் எது என்று தெரிய வேண்டும். ஒரு துணியில் கொஞ்சம் தின்னர் நனையுங்கள். வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் கொஞ்ச நேரம் அழுத்தி வையுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது. அது கம்பெனியில் சுட்டுப் பிடித்த பெயிண்டாக இருக்கும். சாயம் துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. பெயிண்ட். பெயிண்ட் சுருங்கித் தோல் போல உரிந்தால் அது எனாமல். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் பெயிண்ட் வகை அது. யாரோ முன்பு பிரஷ்ஷால் பூசியிருக்கிறார்கள். அதன் மேல் என்.சி. அடித்தால் சுருங்கிப் போகும். எனாமலை முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாததால் இரண்டு நாள் உழைப்பு வீணாகும்.

எண்ணைப் படியுங்கள்

உப்புத்தாளின் முதுகில் ஓர் எண் அச்சடித்திருக்கும். எண் சின்னதாக இருந்தால் தாள் சொரசொரப்பு. எண் பெரிதாக இருந்தால் தாள் வழவழப்பு. 80 என்றால் துருவைப் பிய்த்து எடுக்கும். 2000 என்றால் தடவினாலே பட்டுப் போல இருக்கும். கடைக்காரர் எதையாவது சுருட்டிக் கொடுத்தால் வாங்கிவராதீர்கள். பிரித்து எண்ணைப் பாருங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும் என்றால் கறுப்பு வாட்டர் பேப்பர் கேட்டு வாங்குங்கள். சாதாத் தாள் தண்ணீர் பட்டால் கிழிந்துவிடும்.

முதலில் கதவைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெயும் மெழுகு பாலிஷும் இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. பிறகு 80-ஆம் நம்பர் தாளால் துருவைத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் தகடு தெரிய வேண்டும். கொஞ்சம் துரு இருந்தால் என்ன என்று சிலர் பட்டி போட்டு மூடிவிடுவார்கள். துரு உள்ளேயே வளரும். ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

பள்ளம் இருந்தால் பட்டி போட வேண்டும். பெரிய பள்ளத்தை டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்துத் தட்டி நிமிர்த்திவிட்டு வருவது நல்லது. பட்டியைக் கனமாக அப்பக் கூடாது. அது வெடிக்கும். ஹார்டனர் கலக்கும் பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கக் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரம் பிறகு துருவாக வரும். காய்ந்த தாளால் 120, பிறகு 220 என்று தேய்க்க வேண்டும். தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரைமர். பிரைமர் நன்றாகக் காய்ந்த பின் வாட்டர் பேப்பர் 400, பிறகு 600. தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் தகடு தெரிந்துவிட்டால் அங்கே மறுபடி பிரைமர் அடிக்க வேண்டும். இங்கே ஒரு தந்திரம் உண்டு. கதவின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். குனிந்து சாய்வாகப் பாருங்கள். ஜன்னல் கம்பியின் நிழல் நேராகத் தெரிகிறதா? அலை அலையாகத் தெரிகிறதா? அலையாகத் தெரிந்தால் அந்த இடம் இன்னும் சமமாகவில்லை. பெயிண்ட் அடித்த பிறகு தெரியப்போகிற குறை இப்போதே தெரிந்துவிடும்.

எந்தப் பெயிண்ட்?

ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயிண்ட் உண்டு. அது தானாகவே பளபளக்கும். பட்டறையில் அதைத்தான் புகழ்வார்கள். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அடிக்கும்போது அது புகையாகப் பரவும். மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஆஸ்துமா வந்தவருக்குப் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். அது எந்த வீட்டில் இருக்கிறது? வீட்டு வாசலில் பி.யூ. வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு ஏற்றது என்.சி. பெயிண்ட். பழைய பெயிண்டர்கள் இதை டூகோ என்பார்கள். 1920-களில் அமெரிக்காவில் வந்த பெயிண்டின் பெயர் அது. தின்னர் ஆவியாகப் போனதும் இது காய்ந்துவிடும். அடித்தவுடன் மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தேய்த்தால்தான் பளபளப்பு வரும்.

இது வெள்ளை, சிவப்பு, நீலம் போன்ற சாதா நிறத்துக்குச் சரி. மினுமினுக்கும் மெட்டாலிக் நிறம் வேறு. அதில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். நிறத்தைத் தேய்த்தால் துகள் பெயர்ந்து திட்டுத் திட்டாகிவிடும். அதற்கு மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் மெட்டாலிக்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

வண்டியில் ஒரு சின்னத் தகட்டில் நிறத்தின் எண் இருக்கும். அதைக் காட்டினால் கடையில் கலந்து தருவார்கள். வேறு நிறம் அடிக்க ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். பதிவுச் சான்றில் வண்டியின் நிறம் எழுதியிருக்கும். நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும்.

அடிக்கும் நாள்

மழை நாளில் அடிக்கக் கூடாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே ஈரம் இருக்கும். தின்னர் ஆவியாகும்போது கதவு குளிரும். காற்றின் ஈரம் அதன் மேல் படியும். பெயிண்ட் பால் போல வெளுத்துவிடும். டெல்லியில் மே மாதப் புழுதிக் காற்று ஆகாது. டிசம்பர் பனிமூட்டமும் ஆகாது. வெயில் சுடும் தகட்டின் மேலும் அடிக்காதீர்கள். நிழலான இடமும் காற்றில்லாத காலை நேரமும் நல்லது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழாது.

அடிக்கத் தொடங்கும் முன் அடுப்பை நினையுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து அறையில் எரியும் அடுப்பை எட்டும். திரும்பித் தீயாக வரும். எனவே மூடிய அறைக்குள் அடிக்கவே கூடாது. அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கம்ப்ரசர் மோட்டாரையும் தள்ளி வையுங்கள். சுவிட்சில் பொறி பறக்கும். தின்னர் ஆவிக்கு என்று விற்கும் கரி முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

கதவின் ஓரம், கண்ணாடி, ரப்பர் எல்லாவற்றையும் தாளும் டேப்பும் ஒட்டி மூடுங்கள். ஸ்பிரே கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். கையை வளைக்காமல் நேராக நகர்த்துங்கள். கதவுக்கு வெளியே அழுத்தத் தொடங்கிக் கதவைத் தாண்டிய பின் விடுங்கள். ஒரு கோட்டின் பாதி மேல் அடுத்த கோடு விழ வேண்டும். மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை அடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக அடித்தால் கண்ணீர் போல வழியும். தள்ளிப் பிடித்து அடித்தால் பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்துவிடும். ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள்.

தேய்க்கும் வேலை

1500-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்பு விடுங்கள். லேசாகத் தேய்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது கதவு பளபளப்பது போலத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். நடுநடுவே பளபளக்கும் புள்ளி தெரிந்தால் அது இன்னும் தேய்க்காத பள்ளம். பிறகு 2000-ஆம் நம்பர். இப்போது கதவு பார்க்க அழுக்காக இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் "இருந்ததையும் கெடுத்துவிட்டீர்களே" என்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கதவின் விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் மெல்லியது. அங்கே தேய்த்தால் பிரைமர் தெரிந்துவிடும். விளிம்பில் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது புத்திசாலித்தனம்.

பிறகு ரப்பிங் காம்பவுண்ட். சுத்தமான பருத்தித் துணியில் எடுத்துச் சின்ன இடமாகத் தேய்க்க வேண்டும். துணியில் கொஞ்சம் நிறம் வரும். அது சாதாரணம். நிறத்துக்குப் பதில் பிரைமர் சாயம் வந்தால் உடனே நிறுத்துங்கள். துணி கீழே விழுந்தால் உதறிவிட்டுத் தேய்க்காதீர்கள். ஒரே ஒரு மணல் துகள் கதவு முழுக்கக் கோடு போடும். வேறு துணி எடுங்கள். கை வலிக்கும். தேய்க்கத் தேய்க்கக் கதவில் தேய்ப்பவர் முகம் தெரியத் தொடங்கும்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது வருகிற தூளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2016-ல் இந்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கான விதி. வண்டிப் பெயிண்டுக்கு அல்ல. எனவே பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டே தேய்த்து எடுங்கள். சேற்றைத் துணியால் வழித்துக் கட்டிப் போடுங்கள். குழந்தை விளையாடும் மண்ணில் கொட்டாதீர்கள். கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரில் கழுவுவது பலருக்குப் பழக்கம். தின்னர் தோலைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போடுங்கள், போய்விடும்.

புதுப் பெயிண்டுக்கு ஒரு மாதம் மெழுகு பாலிஷ் போட வேண்டாம். உள்ளே மிச்சம் இருக்கும் தின்னர் வெளியே போக வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். காக்கை எச்சம் விழுந்தால் உடனே கழுவுங்கள். காயவிட்டால் கறை பெயிண்டில் இறங்கிவிடும். பெட்ரோல் போடும்போது சிந்தினாலும் உடனே துடையுங்கள், என்.சி. பெயிண்ட் பெட்ரோலைத் தாங்காது.