நாலந்தா வழியே வந்த மா

அன்று மாத்தளை மாவட்டத்து நாலந்தாவைச் சுற்றிய சேனைகளில் தை, மாசி மாதங்கள் குரக்கன் கொய்யும் காலம். சின்னக் கத்தியால் கதிர் கதிராக அறுத்துக் கடகத்தில் சேர்ப்பார்கள். கதிரோடு பரணில் போட்டுவைத்தால் வண்டு அண்டாது. ஆண்டுக் கணக்கில் கெடாமல் கிடக்கும். மழை பொய்த்த வருடத்தில் அந்தக் கையிருப்புத்தான் உயிர் காத்தது. மாவாக அரைத்துச் சேர்த்து வைக்கும் வழக்கம் இல்லை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உதிர்த்து, சுளகில் புடைத்து, கழுவி உலர்த்தித் திரிகையில் இட்டார்கள். அரைத்த மா அடுப்பு அணைவதற்குள் ரொட்டியாகவோ களியாகவோ பிட்டாகவோ ஆகிவிடும்.

இது மிகப் பழைய வழக்கம். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் குரக்கனைப் பற்றி எழுதியிருக்கிறார். கடுகளவான விதை, கல்லில் அரைத்தல், ரொட்டியாகச் சுடுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள் அந்த வேலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இதே நாலந்தா வழியேதான் நம் முன்னோரும் நடந்து வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரயில் மாத்தளைக்கு வந்ததே 1880இல்தான். இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் சேலத்திலும் அவர்கள் தின்று வளர்ந்தது கம்பும் கேழ்வரகும். அந்தக் கேழ்வரகுதான் இங்கே குரக்கன். விட்டு வந்த தானியம் நாலந்தாக் காட்டோரத்தில் கதிர் விட்டு நின்றதை அவர்களில் எத்தனை பேர் கண்டார்களோ!

ஊரில் அவர்கள் கூழ் காய்ச்சிய முறையை நினைத்துப் பார்க்க வேண்டும். மாலையில் மாவைக் கரைத்துச் சட்டியில் மூடி வைப்பார்கள். இரவெல்லாம் ஊறி, லேசாகப் புளித்த மாவைத்தான் மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். அரிசி மாவிலும் இதே ஒழுங்குதான். அரிசியை ஊறப்போட்டு, வடித்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்தெடுத்த மாதான் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும். அப்ப மாவு ஓர் இரவு கள்ளில் புளித்தது. ஊறாத மா எங்கள் சமையலில் அரிது.

தோட்டத்துக்கு வந்ததும் முதலில் போனது கேழ்வரகு. துரைமார் இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்தார்கள். ஆடி மாதத்து மாரியம்மன் கூழோடு கேழ்வரகு சடங்காகச் சுருங்கிப்போயிற்று.

இரண்டாவது மாற்றம் யுத்தத்தோடு வந்தது. இலங்கைக்கு அரிசி பெருமளவில் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வழி அடைபட்டது. அரிசிப் பங்கீடு குறைந்து, அந்த இடத்தில் கோதுமை மா ஏறியது. யுத்தம் முடிந்தும் மா திரும்பிப் போகவில்லை. விலை குறைவு, அரைக்க வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் கால் மணி நேரத்தில் ரொட்டி. விடிகாலையில் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்துக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு அது பெரிய உதவி. அவள் கோதுமை ரொட்டிக்கு மாறியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இன்றும் நகரத்தையும் கிராமத்தையும்விட அதிகமாகக் கோதுமை மா சாப்பிடுவது தோட்டப்பகுதிதான்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியதும் கப்பலில் வந்த கோதுமை இங்கேயே மாவாயிற்று. அங்கிருந்து கண்டிக்கு வரும் லொறிக்கு ஹபரணை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளைதான் வழி. தொழிலாளி நடந்து வந்த பாதையில் அவன் பேரப்பிள்ளைகளுக்கான வெள்ளை மா வந்தது.

அந்த மாவுக்குள் என்ன இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1870களில் ஹங்கேரியிலிருந்து பரவிய உருக்கு உருளை ஆலை, கோதுமை மணியை மூன்றாகப் பிரித்தது. தவிடு ஒரு பக்கம், முளை ஒரு பக்கம், நடுவில் உள்ள மாச்சத்து மட்டும் மூட்டைக்கு. முளையில்தான் எண்ணெய் இருக்கிறது. அரைபட்டுக் காற்றுப் பட்டால் அது காறிப்போகும். அதை நீக்கினால் மா மாதக்கணக்கில் தாங்கும். இரும்புச்சத்தில் பெரும்பகுதியும், பி வகை உயிர்ச்சத்தும், நாரும் தவிட்டோடும் முளையோடும் வெளியேறிவிடுகின்றன. நீண்ட பயணத்துக்கும் கிடங்குக்கும் ஏற்ற மா அது. பிள்ளையின் உடம்பை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

குரக்கனின் கதை இன்னும் துயரமானது. 1973, 74 பஞ்சத்தில் பாணுக்கு வரிசை நின்றார்கள். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்த நாட்களில் மரவள்ளியும் குரக்கனும் கைகொடுத்தன. கைகொடுத்த நன்றிக்குப் பதிலாக, பஞ்சகாலச் சாப்பாடு என்ற பெயர்தான் குரக்கனுக்குக் கிடைத்தது. அதன்பிறகு மகாவலித் திட்டம். போவதென்ன நீர்த்தேக்கத்துக்காக நாலந்தாவின் கெடிகே ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். பல்லவர் சாயல் கொண்ட அந்தச் சின்னக் கற்கோயில் தப்பியது. சேனைகளோ ஆண்டுக்காண்டு குறுகின. நாவுலை, தம்புள்ளைப் பக்கத்தில் பெரிய வெங்காயமும் மரக்கறியும் காசு தந்தன. குரக்கன் ஓரத்துக்குப் போயிற்று.

இன்றைக்கு அது வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. நீரிழிவு வந்தவருக்கு டொக்டர் குரக்கன் சொல்கிறார். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் ராவணா, ரவி, ஒஷாத என்று இனங்கள் தந்திருக்கிறது. சுப்பர் மார்க்கெட்டில் குரக்கன் பிஸ்கட், குரக்கன் பாண். பொதியின் சிறு எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் முதலில் நிற்பது கோதுமை மா. குரக்கன் அதற்குப் பின்னால்தான். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு மின் அடுப்பு வாங்கி பாண் சுடப் பழகினார்கள். 2022இல் கோதுமை மா விலை தலைக்கு மேல் போனபோது பலர் மறுபடி குரக்கன் மாவைத் தேடினார்கள்.

ஆனால் தானியம் மட்டுந்தான் திரும்பியிருக்கிறது. ஊறிய இரவும் உடனே அரைத்த மாவும் திரும்பவில்லை. என் ஆதங்கமெல்லாம் இதுதான். எப்போதோ பொடியாக அரைத்துப் பொதியிட்ட மாவைப் பிரித்து, உடனே பிசைந்து, உடனே சுடுகிறோம். பழையவர்கள் செய்ததில் பாதியை விட்டுவிட்டுப் பழமைக்குத் திரும்பினோம் என்கிறோம்.

குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது; தீட்டிய அரிசியில் 10 அளவுதான். எண் பெரிதாக இருப்பதால் உடம்பில் சேர்வதும் அவ்வளவு என்று எண்ணக்கூடாது. தானியத் தோலிலும் முளையிலும் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் கல்சியத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை அவிழ்ப்பது பைட்டேஸ் என்னும் நொதி. அதற்கு ஈரம் வேண்டும், இளஞ்சூடு வேண்டும், லேசான புளிப்பு வேண்டும். இரவில் கரைத்து மூடிய கூழ்ச்சட்டிக்குள் இருந்தவை இந்த மூன்றும்தான்.

குரக்கனில் இந்த நொதி குறைவு, கோதுமையில் அதிகம். ஆகவே குரக்கனோடு, தவிடு நீக்காத கோதுமையான ஆட்டா மாவைச் சேர்த்து ஊறவைத்தால் கோதுமையின் நொதி குரக்கனுக்கும் வேலை செய்யும். குரக்கனைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, துணியில் கட்டி முளை காட்டி, வெயிலில் நன்றாக உலர்த்தி அரைத்தால் அதன் சொந்த நொதியே பெருகும். மழைநாளில் இதைச் செய்ய வேண்டாம். அரைகுறையாக உலர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் வீட்டு முறை இது. 200 கிராம் ஆட்டா, 100 கிராம் கரடாக அரைத்த குரக்கன், இரண்டு மேசைக்கரண்டி தயிர், 230 மில்லிலீற்றர் அளவு தண்ணீர். படுக்கப் போகுமுன் கலந்து மூடிவிட வேண்டும். மாத்தளை வெக்கைக்கு எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் புளிப்பு மிஞ்சும். காலையில் உப்பு, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, பொங்கியதும் 200 பாகை சூட்டில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் பாண் தயார். குரக்கனில் குளூட்டன் இல்லை. கடைப் பாண்போல உயர்ந்து வராது, கனமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊறாத மாவில் சுட்டதைப்போல உதிராது. இரவில் தவிடு ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிடுவதால் மாவின் இழையை அறுப்பதில்லை. மின் அடுப்பு இல்லாதவர்கள் இதே மாவைத் தட்டித் தாச்சியில் ரொட்டியாகச் சுடலாம். ஊறலின் பலன் அதிலும் அப்படியே கிடைக்கும்.

கரடாக அரைப்பதற்கும் காரணம் உண்டு. குரக்கன் என்றால் சீனி ஏறாது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. இலங்கை மருத்துவ சஞ்சிகையில் 2013இல் வந்த ஆய்வு ஒன்று, கல்லில் அரைத்த குரக்கன் ரொட்டியைவிட ஆலையில் நுண்மையாக அரைத்த மாவின் ரொட்டி இரத்தத்தில் சீனியை அதிகம் ஏற்றுவதைக் காட்டியது. ஒரே தானியம்தான், மாவின் பருமன்தான் வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரொட்டியைத் தின்ற வாயோடு குடிக்கும் சாயத் தேநீர், இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தேசிக்காய் பிழிந்த தேங்காய்ச் சம்பல் அதற்கு நேர்மாறு. இரும்பு சேர உதவும். தேயிலை கொய்யும் பெண்களில் இரத்தசோகை உள்ளவர் பலர் என்பதால் இதைச் சின்ன விஷயமாக எண்ண என்னால் முடியவில்லை.

திரிகையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைச் சுற்றியவை முழுக்கப் பெண்களின் கைகள். அந்த நோவு போனது நல்லது. தானியத்தை முழுதாக வாங்கி, இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் ஊர் மில்லில் கரடாக அரைத்துக்கொள்ளலாம். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. மிளகாய்த்தூள் அரைத்த மெசினில் விழுந்தால் மா உறைக்கும். ஆட்டா மாவில் எண்ணெய் கூடுதலாக இருப்பதால் அது சீக்கிரம் காறும். அதைக் குறைவாக அரைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். ஊறவைப்பதற்கு யாருடைய உழைப்பும் வேண்டாம். வீடு தூங்கும்போது மா தன் வேலையைப் பார்க்கும்.

நாவுலையில் விளையும் குரக்கனும் ரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களின் பிள்ளைக்காம்பராக்களும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கே காலையில் வந்து சேரும் குழந்தைகளுக்கு, முதல் நாள் மாலையே கரைத்து வைத்த மாவில் ரொட்டியோ கூழோ கொடுப்பதற்கு ஒரு பெரிய சட்டியும், தயிரும், கரடாக அரைத்த மாவும் இருந்தால் போதும். கொழும்பு வீடுகளின் மின் அடுப்புக்குக் குரக்கன் போய்ச் சேர்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். இந்தப் பிள்ளைகளின் தட்டுக்கு அது முதலில் வர வேண்டும்; தோட்ட நிர்வாகமும் மாவட்டச் செயலகமும் சேனைக்காரரிடம் நேரே கொள்முதல் செய்தால் அடுத்த மாசி அறுவடையிலேயே தொடங்கலாம்.