அனுப்பும் முன் ஒரு நிமிஷம்!

என் பெண்ணுக்குக் காலேஜில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். 'புதிய ஊடகங்கள்' பாடத்தில் ஏதாவது ஒரு விஷயத்தை ஆராய்ந்து, வகுப்பில் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். இரண்டு நாள் யோசித்தவள், நான் ரசத்துக்குத் தாளிக்கும்போது வந்து நின்றாள்.

"அம்மா, 2018-லே நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு நீ ஒரு வீடியோ அனுப்பினியே, அதையே எடுத்துக்கப் போறேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. போனைக் காட்டினாள். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கூடவே, 'பிள்ளை பிடிக்கிறவர்கள் நம் ஊருக்கு வந்துவிட்டார்கள், உஷார்!' என்று எழுதியிருந்தது. அனுப்பியது சாட்சாத் நான்தான்!

"நல்லதுக்குத்தானே அனுப்பினேன்?" என்றேன்.

"அது நம்ம ஊரே இல்லைம்மா. பாகிஸ்தான்லே கராச்சி. குழந்தைகளைப் பத்திரமாப் பார்த்துக்கச் சொல்லி, ரோஷ்னி ஹெல்ப்லைன்ங்கிற தொண்டு நிறுவனம் 2016-லே எடுத்த விளம்பரப் படம். முழுசாப் பாரு."

பார்த்தேன். போனவர்கள் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு, நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிப்பட்ட வதந்திகள் பரவிய 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் கூடி அடித்ததில் உயிரே போய்விட்டது. ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் இதே சந்தேகத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். குழந்தையைக் கண்டால் கையில் எதையாவது கொடுக்கத் தோன்றுவது நமக்கெல்லாம் வழக்கம்தானே? அந்த அம்மா நம்மில் ஒருவர்.

அவள் ஆராய்ந்த விதத்தையும் கவனித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, அதேதான்! எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது என்று மூன்று கேள்வி. வீடியோவை நடுவில் நிறுத்தி, அந்தக் காட்சியைப் படமாகப் பிடித்து, கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் முன்பு எங்கே வந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இரட்டை அம்புச் செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. ஆனால் விரல் நம்முடையதாயிற்றே!

நிஜமாகவே குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால், 1098-க்கோ 112-க்கோ போன் செய்வதுதான் உதவி.

"உன் பெயரைச் சொல்லாம பேசட்டுமா அம்மா?" என்றாள்.

"என் அம்மாவேதான் அனுப்பினாள்னு சொல்லு. அப்பத்தான் மத்த பிள்ளைங்களும் வீட்லே போய்க் கேட்பாங்க" என்றேன்.

அன்றிரவே குடும்ப குரூப்பில், 'நான் அன்று அனுப்பிய வீடியோ பொய். மன்னிக்கவும்' என்று போட்டேன். பத்தே நிமிஷத்தில் என் சித்தி போன் செய்தார். "நீ அனுப்பினேன்னுதான்டி நம்பி, நானும் பதினைந்து பேருக்கு அனுப்பினேன்!"

சகோதரிகளே, நம் பெயரைப் பார்த்துத்தான் நம்மவர்கள் நம்புகிறார்கள். அனுப்பும் முன் ஒரு நிமிஷம் யோசிப்போமா?